சேறு ஒட்டாத ஷூக்கள்

போன வாரம் லிஃப்டில் மேல்மாடிக்காரர் ஒருவர் ஏறினார். முட்டியில் உறை மாட்டியிருந்தார். அவரோடு தைல வாடையும் ஏறியது. கற்பூரமும் புதினாவும் கலந்து கண்ணைக் கரிக்குமே, அந்த வாடை. உடனே எனக்கு யாரையாவது வேவு பார்க்க வேண்டும் போலிருந்தது. சிரிக்காதீர்கள். மல்லிகை வாசனை வந்தால் சிலருக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்குத் தைல வாடை வந்தால் ஆட்டோவில் உட்கார்ந்து ஒரு மோட்டார் சைக்கிளைத் துரத்திய ஞாபகம் வரும்.

இப்போது புனேயில், கராடியில் இருக்கிறோம். அப்போது சிஞ்ச்வட்டில், பால்கனியில் துணி காயப்போட்டால் ஹாலே இருட்டிவிடும் ஒரு சின்ன ஃபிளாட். கல்யாணமான கையோடு கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தோம். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. என் வயலினும் அவருடைய மிருதங்கமும் ரயிலில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தன. பெண் பார்க்க வந்த அன்று, "நீங்க வயலின் வாசிப்பீங்ளாமா? நானும் கொஞ்சம் தட்டுவனுங்க" என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே தலையை ஆட்டியவள் நான். சம்பளம்கூட அப்பாதான் விசாரித்தார்.

புனே வந்ததும் அவரை மலைப் பித்து பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் மழை விழுந்தால் ஆபீசே கூட்டமாகக் கிளம்பிக் கோட்டை ஏறப் போகும். அவரும் போனார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். என் வசம் இருந்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் நிறைய வீறாப்பும். பாதி வழியில் இரண்டும் அறுந்தன. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே வீட்டில் சண்டை. மலையா, சங்கீதமா?

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். வெயில் காலத்தில் மலை காய்ந்து கிடக்கும். ஞாயிறு முழுக்க வாசிப்பது. குளிர் காலத்தில் விடியலில் அவர் சைக்கிள் ஓட்டிக்கொள்வார், சாயங்காலம் வாசிப்பது. மழைக் காலம் மட்டும் மலைக்கு. ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். "இதப் பாரு, தொட்டா சப்பாத்தி மாவு மாதிரி இருக்குது. இத வெச்சுட்டு என்னத்த வாசிக்கறது?" என்பார். நியாயம்தான். என் வயலினின் பிருடைகளும் அந்தக் காலத்தில் திருகினால் அசையாமல் அடம் பிடிக்கும். ஆக, வானிலையே எங்கள் குடும்பத்துக்குப் பஞ்சாயத்துப் பண்ணி வைத்தது.

அந்த வருஷம் மழை தொடங்கிய புதிதில் எல்லாம் வழக்கம்போலத்தான். சாயங்காலம் முழங்கால்வரை சிவந்த சேற்றோடு வந்து நிற்பார். பாத்ரூம் தரை செங்கல் சூளை மாதிரி ஆகும். நான் திட்டிக்கொண்டே பிரஷ்ஷால் தேய்ப்பேன். ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிறு அவர் வந்து ஷூவைக் கழற்றியபோது, பிரஷ்ஷோடு தயாராக நின்ற எனக்கு வேலையே இல்லை. ஷூ சுத்தமாக இருந்தது.

"சேறே இல்லீங்களே?"

"கல்லு வழி. மழ கழுவி உட்ருச்சு."

அடுத்த வாரமும் கல் வழிதானாம். அதற்கடுத்த வாரமும். மலையிலிருந்து வந்தால் குண்டான் சோற்றைக் காலி பண்ணுகிறவர், வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஆமாம், முகர்ந்தேன். மனைவிமார்கள் செய்யாததையா செய்துவிட்டேன்? சட்டையில் தைல வாடை. மலையில் யார் அவருக்குத் தைலம் தேய்க்கிறார்கள்?

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்த மனசுக்குப் பதில் தேவைப்படுவதில்லை, சாட்சிதான் தேவைப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் காப்பி அடிக்கும் பிள்ளைகளைப் பிடிக்கும் அதே பார்வையோடு வீட்டில் நடமாடினேன். அவர் போனில் குரலைத் தாழ்த்தினால் நான் மிக்ஸியை நிறுத்தினேன்.

ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் அவருடைய மலைக் கூட்டாளி அபிஜித்தைப் பார்த்தேன். "என்ன வஹினி, சௌக்கியமா?" என்று இந்தியில் கேட்டான். வஹினி என்றால் அண்ணி. நானும் என் ஓட்டை இந்தியில், "இந்த ஞாயிறு எந்த மலை?" என்றேன்.

"மலையா? நாங்க யாரும் போறதே இல்லையே வஹினி, இப்ப கொஞ்ச நாளா..." என்றவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "தாதாகிட்டயே கேட்டுக்குங்க" என்று அண்ணன் பக்கம் தள்ளிவிட்டு, வெந்தயக் கீரையைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

ஆக, ஊரே கூட்டு.

அடுத்த ஞாயிறு அவர் ரெயின் கோட்டும் மலை ஷூவும் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, "வரட்டுமா?" என்று கிளம்பினார். நான் பின்னாலேயே இறங்கி ஓர் ஆட்டோவை மறித்தேன். "அந்த வண்டி பின்னாடி போங்க" என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "மேடம் போலீஸா?" என்றார். "பொண்டாட்டி" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஓட்டிய வேகம் இருக்கிறதே, அவருக்கும் ஏதோ சொந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

மலைப் பக்கம் போக வேண்டிய வண்டி பிம்ப்ரிக்குள் திரும்பியது. தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் பழைய காலனி ஒன்றில், கீழ்வீட்டு வாசலில் நின்றது. அவர் உள்ளே போனார். வாசற்படியில் உயரமான, எலும்பும் தோலுமான ஓர் அம்மா உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

"யாரு நீ?"

"இந்த வண்டிக்காரரோட பொண்டாட்டி."

"ஓ" என்றவர் மராத்தியில் கேட்டார். "இப்ப உன்னையும் அனுப்பிட்டானா?"

உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. விட்டலன் மேல் பாடும் மராத்திப் பாட்டு. கூடவே ஒரு தாளம். அந்த விரலை எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஒரு பையன், ஒரு காலில் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். என் கணவர் தரையில் உட்கார்ந்து, குளிக்கும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கத் தைல வாடை.

ஒரு பெண்ணை எதிர்பார்த்துப் போயிருந்தேன். என்ன பேசுவது என்றுகூட ஆட்டோவில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு வாளியை எப்படித் திட்டுவது? அதைவிட, மழைக் காலத்தில் வாசிக்க முடியாது என்று என்னிடம் சொல்லிவிட்டு இங்கே இவ்வளவு நன்றாக வாசிக்கிறாரே என்றுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வெளியே கூட்டி வந்தார். பையன் பெயர் நிலேஷ், அவருடைய ஆபீசில் வேலை பார்ப்பவன், அப்பா இல்லாதவன். ஆனி மாசக் கடைசியில் மலையில் வழுக்கி உருண்டு, ஒரு புதரில் மாட்டிப் பிழைத்திருக்கிறான். அன்று கூட்டத்தை முன்னால் நடத்திப் போனது இவர்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா, இனி மலைக்கே போகாதீங்கன்னு சொல்லுவ."

"நீங்கதான் போறதே இல்லியே!"

அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். "போறதில்லன்னு எனக்கே இன்னும் சொல்லிக்க முடியல. காலைல இதப் போட்டாத்தான் வண்டி எடுக்கவே முடியுது."

என் சந்தேகம் அங்கே தீர்ந்தது. ஆனால் இன்னொருவர் சந்தேகம் தீரவில்லை. அடுத்த ஞாயிறு வயலினை எடுத்துக்கொண்டு நானும் போனேன். டீ போடும்போது அந்த அம்மா, நிலேஷைப் போலவே நாங்களும் ஆயி, மராத்தியில் அம்மா, என்று கூப்பிடுவோம், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உம் புருஷன் ஏன் வாரா வாரம் வர்றான்?"

"சிநேகிதர், அதான்..."

"கூடப் போன மத்தவங்களும் சிநேகிதங்கதான். அவங்க ஒரு தடவ பழம் வாங்கிட்டு வந்தாங்க, போனாங்க. இவன் மறு காலைப் பிடிச்சு விடுறான், முதுகுக்குத் தைலம் தேய்க்கிறான். மனசுல எதுவும் இல்லாதவன் இப்படிச் செய்வானா? அன்னிக்கு மேல என்ன நடந்தது? உங்கிட்டயாவது சொன்னானா?"

ஆயி கேட்ட பிறகு அந்தக் கேள்வி என்னுடையதும் ஆகிவிட்டது. நல்லவராக இருக்கிறார் என்பதே ஒரு மனிதர் மேல் குற்றமாகத் திரும்பும் என்று நான் நினைத்ததில்லை. அந்த வாரம் முழுக்க என் கணவரிடம் வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். அவரும் அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு ஆயி நேராகவே கேட்டுவிட்டார். பாட்டு முடிந்து அவர் வாளியைக் கீழே வைத்ததும், எல்லோர் முன்னாலும். "என் பையன் எப்படி விழுந்தான்? நீ சொல்லு."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலேஷ்தான் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"அவர் ஏன் சொல்லணும் ஆயி? மழை வலுத்ததும் திரும்பிடலாம்னு அவர் சொன்னார். நாந்தான் கேக்கல. பயமா இருந்தா வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகூட மிருதங்கம் வாசிங்கன்னு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணேன். அவர் ஒண்ணும் பேசாம நடந்தார். நான் வேகமா முந்திப் போனேன், வழுக்கிட்டேன். கீழ இறங்கி வந்து என்னைத் தூக்கினதும் அவர்தான்."

ஆயி அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எழுந்து போய் டீ கொண்டு வந்தார். அதுவரை என் கணவருக்கு மட்டும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போவார். அன்று கையில் கொடுத்தார்.

வீடு திரும்பும்போது வண்டியில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "ஏங்க, அதையாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"கிண்டல் பண்ணுனதுக்குக் கோவிச்சுட்டு, திரும்பு திரும்புன்னு அழுத்திச் சொல்லாம உட்டுட்டன். அது தப்பில்லியா?" என்றார். தப்பா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மழை ஓய்ந்து, குளிர் வந்து, கட்டு பிரித்து, நிலேஷ் கோலூன்றி வாசல்வரை நடக்கும்வரை எங்கள் ஞாயிறுகள் பிம்ப்ரியில்தான். அவர் மலை ஏறவில்லை, சைக்கிளையும் தொடவில்லை. குளிர் வந்ததும் மிருதங்கம் வாளியின் இடத்துக்கு வந்தது. மராத்திப் பாட்டுக்கு என் வயலின் தப்பும் தவறுமாக வளைந்து கொடுத்தது. ஆயி கதவோரம் உட்கார்ந்து கேட்பார். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நாங்கள் வீடு போய்ச் சேர்ந்ததும் போன் அடிக்கும். "போச்லாத் கா?" போய்ச் சேர்ந்தீர்களா? அவ்வளவுதான். பதிலைக் கேட்டதும் வைத்துவிடுவார்.

நிலேஷுக்கு நாசிக்கில் வேலை கிடைத்து ஆயியோடு போனான். அந்தக் காலனியை இடித்துவிட்டார்கள். மெட்ரோவில் போகும்போது எந்த இடம் என்று எனக்கும் அவருக்கும் ஒத்துப்போவதில்லை. ஆனால் போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாங்கள் எங்குமே கிளம்பாமல் வீட்டிலேயே கிடந்த ஞாயிறுகளிலும் சாயங்காலம் ஆயி கேட்பார், "போச்லாத் கா?" நான், "சேர்ந்துட்டோம் ஆயி" என்பேன்.

போன மழைக் காலத்தோடு அந்த அழைப்பு நின்றுவிட்டது. ஆயி போய்விட்டார் என்று நிலேஷ்தான் சொன்னான். இப்போது நாங்கள் எங்கே போய் எப்போது வந்தாலும், சேர்ந்தோமா என்று கேட்க ஆள் இல்லை.