படிக்காமல் வைத்த கடிதத்தோடு காங்கேயம் போனேன்

எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். துடியலூரில் எங்கள் வீதியில் மாலை வகுப்பு நடக்கிறது. எட்டு மாதம் போனேன். இதையும் நானே போனில் தட்டுகிறேன். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது, ஆகட்டும். காங்கேயம் போக நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன். நான் போன காரணம் வேறு.

ஒன்பது வருடத்துக்கு முன் காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் நானும் என் தங்கை எஸ்தரின் வீட்டுக்காரர் யாக்கோபும் வேலை செய்தோம். ஒரு நாள் மாப்பிள்ளையின் வலது கை இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அதற்குள் கை போய்விட்டது. நாலு எட்டு பக்கத்தில் நின்றிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. வேலையை விட்டுவிட்டுத் துடியலூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கோணல் எழுத்தோடு மல்லாடி முதல் வரியை மட்டும் படித்தார். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறார்களாம். எங்கள் சபையில் வீடு கட்டினால், பிள்ளை பிறந்தால், நோய் தீர்ந்தால் அப்படி நன்றிக் கூட்டம் வைப்போம். கை போனதற்குமா? போதுங்க என்று கடிதத்தை வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டேன். கூட்டத்துக்குப் போகவில்லை. போன் செய்த தங்கையிடம், புருசன் கை போனதைக் கொண்டாடுகிறாயா என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. போன தையில் மாப்பிள்ளை மாரடைப்பில் இறந்தபோதும் போய் நின்றுவிட்டு, பேசாமல் திரும்பினேன்.

போன வாரம் அந்தக் கடிதத்தை நானே படித்தேன். முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். உள்ளே கூப்பிடுவாளா என்று தெரியாது.

காலை 6.40க்குத் துடியலூரில் டவுன் பஸ். காந்திபுரம் பத்து கிலோமீட்டர், 15 ரூபாய். அங்கிருந்து சிங்காநல்லூருக்கு இன்னொரு 15. அங்கே 8.10க்குக் கரூர் பஸ். காங்கேயம் சுமார் அறுபது கிலோமீட்டர், 55 ரூபாய் கொடுத்தேன். வாழ்நாளில் முதல்தடவை யாரையும் கேட்காமல் பலகையைப் படித்து ஏறினேன். சூலூர், பல்லடம், அவினாசிபாளையம் என்று ஒவ்வொரு பலகையாக வாய்விட்டுப் படித்ததில் கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, ஸ்டாப்பு பேரு நான் சொல்லோணுமா, இல்ல நீங்களே சொல்லிப்போடறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது, நானும்தான். பிறகு சட்டைப்பையிலிருந்த கடிதம் கைக்குத் தட்டுப்பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

10.05க்கு இறங்கினேன். ஆட்டோவுக்கு 80 ரூபாய். எஸ்தர் வாசலில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. சாப்பிட்டீங்களா?" என்றாள், நேற்றுப் பார்த்தவள்போல.

நான் உட்காரவில்லை. மாப்பிள்ளை படத்துக்கு முன் நின்று கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கை போனதற்கு நன்றி இல்லை, அதற்கு அழுது முடித்தாயிற்று என்று எழுதியிருந்தார். கை போன பிறகும் கைவிடாத ஆண்டவருக்கு நன்றி. துண்டால் கட்டி, ஆஸ்பத்திரி வரை பிடித்த பிடியை விடாத மச்சானுக்கு நன்றி. நீங்கள் வந்து முன்னால் உட்கார வேண்டும். இடது கையால் எழுதும் முதல் கடிதம், கோணலுக்கு மன்னிக்கவும்.

மன்னிப்புக் கேட்டேன். எஸ்தர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தக் கோவத்தை நான் எப்பவோ உட்டுட்டனுங்கண்ணா. அன்னிக்கு உங்களுக்குன்னு முன்னால ஒரு சேர் போட்டிருந்தாரு. கூட்டம் முடியற வரைக்கும் யாரையும் அதுல உக்கார உடல. நீங்க படிச்சதை அவரு கேட்டிருக்கோணும்."

ஜெபம் பண்ணச் சொன்னாள். ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்தான் வந்தது.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லடம் தாண்டினால் வெயில் கடுமை. திரும்ப 3.30 பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கூட்டத்துக்கு அழைத்துக் கடிதம் வந்தால் கடைசி வரி வரை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபம் அதுவரை காத்திருக்கும்.

கிளம்புமுன் அந்தக் கடிதத்தின் அடியில் எழுதினேன்: "மாப்பிள்ளைக்கு, கடிதம் கிடைத்தது. வந்தேன்." என் எழுத்தும் அவருடையதைப்போலவே கோணல். எஸ்தர் அதை வாங்கிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.