மருத்துவ விண்ணப்பத்துக்காக நீந்தப் போனது

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டோர்ட்மண்டில் அண்ணையோடு இருந்தேன். அவர் உருக்கு ஆலையொன்றில் பொறியியலாளர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டு மாணவருக்கான ஆயத்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அது முடிய மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அண்ணையோடு வேலை செய்த மெட்ராஸ்காரர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அமெரிக்காவில் படித்தவர். என் புள்ளிகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மார்க் மட்டும் போதாதும்மா. எக்ஸ்ட்ரா கரிகுலர் ஆக்டிவிட்டி ஒண்ணாவது காட்டணும். இல்லேன்னா மெடிசின் சீட்டை மறந்துடுங்க."

அண்ணை பயந்துபோனார். அன்றைக்கே ஒரு பட்டியல் தயாரானது: தேவாலயப் பாடகர் குழு, முதலுதவி வகுப்பு, சதுரங்கக் கழகம், நீச்சல். பாட்டுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். முதலுதவி வகுப்பில் ஆசிரியர் பேசிய வேகத்தில் பாதிதான் விளங்கியது. சதுரங்கக் கழகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்த அண்ணை, "ஒரே சிகரெட் புகை, எல்லாம் ஆம்பிளையள்" என்று தானே வெட்டிவிட்டார்.

"அப்ப நீச்சலுக்குப் போறன். தண்ணிக்குள்ள ஜெர்மன் கதைக்கத் தேவையில்லைதானே" என்றேன்.

"உனக்கு நீந்தவே தெரியாதே, பிள்ளை!"

"ஓம். அதுக்குத்தானே வகுப்பு."

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் நனையாதவள் நான். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் 'மாலை வகுப்பொன்றுக்குப் போகிறேன்' என்று மட்டும் எழுதினேன். நீச்சலுடையைப் பற்றி எப்படி எழுதுவது?

முதல் நாள் வெளியே பனி கொட்டியது. உள்ளே குளோரின் மணமும் கண்ணாடிகளில் படிந்த நீராவியும். துவாயைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொண்டு வந்தேன். குளக்கரையில் என்னைப் போலவே துவாயை இறுக்கிப் பிடித்தபடி இன்னொருத்தி நின்றாள். சொக்லேட் ஆலையில் வேலை செய்யும் துருக்கிப் பெண். என்னைவிடப் பத்து வயது கூடவிருக்கும். அவள் விடட்டும் என்று நானும், நான் விடட்டும் என்று அவளும் நின்றோம். கடைசியில் பயிற்றுநர் அதட்ட, இருவரும் ஒரே நேரத்தில் துவாயை விட்டோம். அப்போது வந்த சிரிப்பில் வெட்கம் பாதி கரைந்துவிட்டது.

புதன்கிழமை தோறும் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து கால் அடித்தோம். அவள் துருக்கி மொழியில் எண்ணுவாள், நான் தமிழில் எண்ணுவேன். வசந்தம் பிறந்தபோது சோதனை வந்தது. நிற்காமல் பதினைந்து நிமிடம் நீந்தி, பிறகு பலகையிலிருந்து குதிக்க வேண்டும். நீந்திவிட்டேன். பலகையில் ஏறிக் கீழே பார்த்ததும் ஓரடி பின்வாங்கினேன். முன்னரே குதித்துவிட்டிருந்த அவள், தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கையையும் விரித்துத் தன் மொழியில் ஏதோ கத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

அதற்குக் கிடைத்த நீச்சல் சான்றிதழை விண்ணப்பத்தின் மேல் வைத்துப் பல்கலைக்கழக அலுவலகத்தில் நீட்டினேன். அங்கிருந்த பெண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதற்கு? புள்ளிகள் மட்டும்தான் பார்ப்போம்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னதும் மெட்ராஸ்காரர் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அமெரிக்காவுல கேப்பாங்க" என்றார் மெல்ல.

"இது ஜெர்மனி, ஐசே!" என்றார் அண்ணை. பிறகு மூவரும் சிரித்தோம்.

அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியொன்றில் உதவியாளாக வேலை செய்துகொண்டு மறுபடி விண்ணப்பித்தேன். ஆனால் புதன்கிழமைகளை விடவில்லை. யாருக்கும் காட்டத் தேவையில்லாத நீச்சல் இன்னும் இனித்தது. அடுத்த ஆண்டு அனுமதிக் கடிதம் வந்ததும் ஒரு புதன்கிழமைதான். குளக்கரையில் அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். அவளுக்கு வாசிக்க வரவில்லை. நெஞ்சில் கை வைத்து, "டொக்டர்" என்றேன். அந்தச் சொல் அவள் மொழியிலும் அதுதானாம். என்னைக் கட்டிப்பிடித்து, கடிதத்தோடு சேர்த்துத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டாள். மை கரைந்த அந்தத் தாளை அண்ணை அடுப்படியில் கொடி கட்டிக் காயவைத்தார்.