கோபத்தில் தைத்த எட்டுப் பொம்மைகள்

இன்று வில்லியனூர் கைவினைக் கண்காட்சியில் என் கடையில் இருந்தவர்கள்: நான், மருமகள் கலைச்செல்வி, கடைசியில் வந்த பாகூர் சரோஜா. அப்புறம் நான் தைத்த எட்டுத் துணிப் பொம்மைகள்.

போன முறை எல்லாவற்றையும் சிரித்த முகமாகத் தைத்தேன். ஒன்றுகூட விற்கவில்லை.

“இந்த வாட்டியும் விக்கலன்னா தையல் மிஷின வித்துடலாம் அத்தை” என்றாள் கலைச்செல்வி.

அதனால் இந்த முறை, யார் யார்மேல் எனக்குக் கோபமோ அவர்கள் முகத்தை அப்படியே தைத்தேன்.

கூட்டம் மொய்த்துவிட்டது! “இன்னா ஆயா, பேசுற மாதிரியே கீது!” மதியத்துக்குள் ஏழு போய்விட்டன. ஒவ்வொன்று போகும்போதும் அந்த ஆள்மேல் இருந்த கோபமும் போனது, சத்தியமாக.

மிச்சம் இருந்தது சரோஜா பொம்மை. என் மகள் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று “சாம்பார்ல உப்பே இல்ல” என்று கத்தியவள்.

அப்போது அவளே வந்தாள். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரு அக்கா இவ, இம்மாம் திமிரா நிக்கிறா? அப்படியே என் நாத்தனார்! இன்னா வெல?”

“முந்நூறு.”

“இந்த மூஞ்சிக்கா? நூத்தம்பதுக்குக் குடு.”

கொடுத்தேன். எட்டும் விற்றாயிற்று!

ஏழு பேரை மன்னித்துவிட்டேன். தன் முகத்துக்கே பாதி விலை பேசினாளே, நீங்களே சொல்லுங்கள், இந்தச் சரோஜாவை எப்படி மன்னிப்பேன்?