நீலக் கதவைத் திறந்தது யார்?

திருக்கோகர்ணத்தில் சிலர் சொல்வதுபோல் நான் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதில்லை. ஆளில்லாத ஒரு தீவில் தனியாக நடந்து, புதிர்களை விடுவித்துக் கதவுகளைத் திறக்கும் வீடியோ கேம்தான் நான் ஆடுவது. முதல் பாகத்தை முடித்துவிட்டேன். இப்போது இரண்டாம் பாகம்.

ஒவ்வொரு கதவின் விடையையும் நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிடுவேன். கான்வென்ட் பழக்கம்.

அந்தத் தீவிலுள்ள கலங்கரை விளக்கத்தின் நீலக் கதவு நேற்று பூட்டியிருந்தது. எவ்வளவோ முயன்றும் திறக்கவில்லை. இன்று காலை கேமைத் தொடங்கினால், அது திறந்து கிடக்கிறது.

நோட்டில் விடை இல்லை. என் கணவர் போனபின் இந்த வீட்டில் கணினியைத் தொட வேறு ஆளும் இல்லை.

பக்கத்து வீட்டு ராணியிடம் சொன்னேன்.

"நீங்கதான் தொறந்துட்டு மறந்திருப்பீங்க, டீச்சர். எங்க மாமியாரும் சாப்பிட்டுட்டு, இன்னும் சாப்பாடு வரலியேம்பாங்க" என்று சிரித்தாள்.

"ஒன் மாமியாருகிட்ட நோட்டு கிடையாது, ராணி. எங்கிட்ட இருக்கு" என்றேன்.

அவள் போனதும் அந்த நோட்டை மூன்று முறை புரட்டினேன்.

வழக்கமாக நான் யாரிடமும் துப்புக் கேட்பதில்லை. இரண்டாம் பாகம் ஆடியவர்கள் சொல்லுங்கள்: அந்தக் கதவு தானாகத் திறக்குமா?

போனில் சொன்னால், என்ன சொன்னீர்கள் என்று நாளைக்கு எனக்கு நிச்சயமிருக்காது. ஆம் அல்லது இல்லை என்று கீழே எழுதுங்கள்.