முருகம்மாள் வைத்த பேர்

முருகம்மாளுக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் அவள் வைத்த பேர்கள் லாரியேறி வடநாடு வரைக்கும் போய் வருகின்றன. சும்மா சொல்லவில்லை. எம். புதுப்பட்டிக்காரியான அவள் பேக்கிங் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில், தீபாவளி முடிந்து மறுபடி பூஜை போட்டு வேலை தொடங்கியதும் புது ஐட்டங்களைச் சாம்பிள் கொளுத்திப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் அதில் ஒன்றுக்குப் பேர் கிடைக்காமல் மேனேஜர் நல்லசிவம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றார். "கல்யாண வீட்டு வடச்சட்டின்னு வைங்க சார். அப்படித்தான பொரியுது" என்றாள் முருகம்மாள். அந்தப் பெட்டிதான் அந்தச் சீசனில் முதலில் தீர்ந்தது.

அதிலிருந்து வருஷா வருஷம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நல்லசிவத்துக்கு இங்கிலீஷ் மேல் ஒரு தனிப் பிரியம். "முருகம்மா, ஒரு பேரு திங்க் அப் பண்ணு" என்பார். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்டபோது ஆற அமர விளக்கினார்.

"சும்மா யோசிக்கிறது வேற. இல்லாத ஒண்ண மண்டைக்குள்ள இருந்து உண்டாக்கி எடுக்கிறதுதான் திங்க் அப். பேரு எடுக்கலாம், வழி எடுக்கலாம். லேட்டா வந்துட்டு வேன் பஞ்சர்னு நீங்கள்லாம் சாக்கு எடுத்து விடுறீகளே, அதுவும் அதுல சேத்திதான்."

உண்மையில் முருகம்மாள் இல்லாத இடத்திலிருந்து எதையும் எடுத்ததில்லை. அக்கம்பக்கத்து ஆட்களைப் பார்த்துத்தான் எடுத்தாள். வினையே அங்கேதான் வந்தது.

போன வருஷம் ஒரு புஸ்வாணம் வந்தது. பற்ற வைத்ததும் குட்டியாக, உம்மென்று எரியும். இவ்வளவுதானா என்று நினைக்கும்போது ஆளுயரத்துக்குச் சீறிப் படபடவென்று பொரிந்து தள்ளும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அண்ணன் பெண்டாட்டி வெள்ளைத்தாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அதே ஷெட்டில் எதிரே உட்கார்ந்து பேக்கிங் செய்கிறவள், பதினாறு வருஷமாக ஒன்றாகச் சோற்றுவாளியைத் திறக்கிறவள். காலையில் பட்ட கோபத்தைச் சாயங்காலம் வரை அடக்கி வைத்து, வேன் ஏறியதும் கொட்டித் தீர்ப்பாள். "புதுப்பட்டி மதினி" என்றாள் முருகம்மாள். நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளைத்தாய்க்கு அன்றைக்கு லீவு.

சிவகாசியில் லேபிள் அச்சாகி வந்தது. இடுப்பில் கை வைத்து முறைக்கும் ஒரு பொம்பளைப் படம். அதை நூறு நூறாக ஒட்ட வேண்டிய வேலை வெள்ளைத்தாய்க்கே வந்து சேர்ந்தது.

"முருகம்மா, இது யாரு வச்ச பேரு?"

முருகம்மாள் அந்த நிமிஷத்தில் எடுத்தாள் ஒரு சாக்கு. "படம் போட்டவரு வச்சதாம் மதினி. நமக்கென்ன தெரியும்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டதில் வெள்ளைத்தாய்க்கு உண்மை விளங்கிவிட்டது. பேர் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் ஷெட்டே அறிந்த விஷயத்தைத் தன்னிடம் மட்டும் மறைத்ததை அவளால் தாங்க முடியவில்லை. உம்மென்று ஆனாள். அன்று சாயங்காலம் வேனில் பொரியவில்லை. மறுநாளும் இல்லை. சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் மறுகோடிக்குப் போய்விட்டாள். பேசாமலே எட்டு மாதம் ஓடிற்று.

முருகம்மாளுக்கு அந்த எட்டு மாதமும் சோறு இறங்கவில்லை. திட்டியாவது தொலைக்கக் கூடாதா என்று ஏங்கினாள். சமாதானத்துக்கும் என்னென்னவோ வழி எடுத்துப் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். தூக்குவாளி திறக்காமலே திரும்பி வந்தது. தனக்குக் காய்ச்சல் என்று அண்ணன் மூலம் சொல்லிவிட்டாள்; அண்ணன் மாத்திரையோடு தனியாக வந்தார்.

இந்த வருஷம் சாம்பிள் பார்க்கும் நாள் வந்தது. பற்ற வைத்த உடனேயே கத்திக்கொண்டு, தரையில் அங்கும் இங்கும் ஓடி, எல்லார் காலையும் தூக்க வைக்கும் ஒரு ஐட்டம். கூட்டம் சிரித்தது. "சொல்லு முருகம்மா" என்றார் நல்லசிவம்.

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள் முருகம்மாள். "போன வருசப் பேரு நான் மதினியப் பாத்து வச்சதுதான். படம் போட்டவரு வைக்கல. அவுககிட்டப் பொய் சொல்லிட்டேன். இது என்னய மாதிரியே கத்திட்டு ஓடுது. மதினி என்ன பேரு வச்சாலும் சரி."

சிரிப்பு நின்றது. எல்லோரும் வெள்ளைத்தாயைப் பார்த்தார்கள். அவள் தரையில் கிடந்த கருகிய அட்டையைப் பார்த்தாள், முருகம்மாளை ஒரு தரம் பார்த்தாள்.

"உடனே எல்லாம் சொல்ல முடியாது சார். யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை வேனில் முருகம்மாள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எந்தப் பேர் வருமோ என்று நினைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். வெள்ளைத்தாய்.

"நேத்துப் பூரா யோசிச்சேன்" என்றாள், முன்னால் பார்த்தபடியே. "நாலு பேரு தோணுச்சு. நாலும் அச்சு அசலா ஒனக்குத்தான் பொருந்தும். மேனேஜருக்குப் போனப் போட்டு ஒண்ணும் தோணலன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மதினி?"

"வச்சிருந்தா நீ எங்கூடப் பேசாம இருந்திருப்பே. நானாவது எட்டு மாசம் இருந்தேன். ஒன்னால எட்டு நாளு முடியுமா?"

முருகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "அந்த நாலு பேரு என்ன மதினி?" என்று கேட்டாள்.

வெள்ளைத்தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதில் முதல் பேரைச் சொன்னாள். கம்பெனி கேட் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சொல்ல இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்தன.