படத்தின் ஓரத்தில் நின்ற பிள்ளை

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டுக்காரர்தான். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளை ஏறி இறங்கிப் பழுது பார்த்தவர். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் கால் தவறி விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கியது. கம்பெனி வைத்தியச் செலவைக் கொடுத்தது, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிக் கை கழுவிவிட்டது. வேலை போனாலும் பெயர் போகவில்லை. தரைத்தளத்து வீட்டின் முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலோடு குளியலறைவரை போவார். அதுவே ஒரு பிரயாணம்.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருந்தாள். மலைபோலக் குவிந்திருக்கும் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் விட்டு, மறுபக்கம் சுடச்சுட வருவதை இழுத்து மடிக்க வேண்டும். கணவர் விழுந்த பிறகு இரட்டை ஷிப்ட் எடுத்தாள். வீட்டுக்கு வந்தால் கைகளில் பிளீச் வாடை அடிக்கும். அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், அவரும் பேசமாட்டார். ஆனால் அவள் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வழி காட்டியது மனைவியின் தம்பி. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவன். ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலின்மேல் வைத்தான்.

"மாமா, இப்ப ஏஐ வந்துடுச்சு. எழுதச் சொன்னா எழுதுது, படம் போடச் சொன்னா போடுது. நம்ம உக்காந்த இடத்துல இருந்தே ஆன்லைன்ல சம்பாதிக்கலாம். ஒண்ணும் படிச்சிருக்க வேணாம்."

அவன் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். புத்தம்புது காரில் சாய்ந்து நின்ற ஒருவர், தூங்கும்போதும் பணம் வந்து விழும் என்று அடித்துச் சொன்னார். பின்னால் நின்று பார்த்த மனைவி, "தூங்குறதுல இவரு ஏற்கெனவே பாஸ். பணம் வந்து விழுற பாடத்தை மட்டும் கத்துக்கிட்டா போதும்" என்றாள். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

முதலில் எல்லாமே சொதப்பல். குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் செய்து விற்பனைக்குப் போட்டார், நாய்கூடச் சீண்டவில்லை. பனியனில் அச்சிடும் படங்கள் செய்தார். அதே மாதிரிப் படங்களை உலகமே செய்துகொண்டிருந்தது. வேறொரு ஆளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தார், வாங்கியவன் ஆளையே காணோம். வீடியோவில் வந்தவரின் வகுப்பில் சேரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மனைவி முதன்முறையாகக் கொஞ்சம் கடுமையாகப் பேசினாள்.

"அந்த ஆளு கார் வாங்கினது ஏஐயில இல்லீங்க. உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட வகுப்பு எடுத்துத்தான்."

அவர் அதற்குப் பிறகு வகுப்புப் பேச்சையே எடுக்கவில்லை.

தொழில் தானாகத்தான் வந்து சேர்ந்தது. மாதமொரு முறை வீட்டுக்கே வந்து அவருக்கு முடிவெட்டும் முடிதிருத்துபவர், சட்டைப் பையிலிருந்து தன் அப்பாவின் படத்தை எடுத்தார். தண்ணீர் பட்டு ஊறி, பாதி கரைந்த படம். "இதைச் சரிபண்ண முடியுமா, பாருங்களேன்" என்றார். லிஃப்ட்டுக்காரர் ஏஐயிடம் கொடுத்தார். கறை போய், கிழிசல் மறைந்து, வண்ணச் சட்டையோடு ஒரு மனிதர் கம்பீரமாக வந்து நின்றார்.

முடிதிருத்துபவர் கையில் கத்தரிக்கோலோடு வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பாவுக்கு இடது கண்ணு இமை கொஞ்சம் சரிஞ்சிருக்கும். தூங்கி வழியிற மாதிரி. இதுல ரெண்டு கண்ணும் நேரா இருக்கே."

அன்றைக்குத்தான் லிஃப்ட்டுக்காரருக்கு விஷயம் பிடிபட்டது. தெரியாத இடத்தில் இயந்திரம் தெரியாது என்று சொல்லுவதில்லை, எதையாவது இட்டு நிரப்பிவிடுகிறது. அதுவும் அழகாக நிரப்புகிறது. தழும்பை எடுத்துவிடும், கோணல் பல்லை நேராக்கிவிடும். முடிதிருத்துபவரிடம் வேறு படம் இருந்தது. அதை வைத்து லிஃப்ட்டுக்காரர் இமையைச் சரித்தார். "இப்பத்தான் அப்பா" என்று சொல்லி அவர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். மைத்துனன் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். தெரியாத ஊர்களிலிருந்து தெரியாதவர்களின் அப்பாக்களும் அம்மாக்களும் வந்து அந்தக் கட்டிலில் குவிந்தார்கள். லிஃப்ட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் கொடுப்பார். வருமானம் பெரிதில்லை. ஆனாலும் மனைவி இரட்டை ஷிப்ட்டில் ஒன்றை விட்டாள். சாயங்கால வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் வேன்கார அம்மா வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். கணவன் ஒரு கப்பலில் சமையல்காரன். ஒருமுறை கப்பல் கம்பெனிக்காரர்கள் குடும்பங்களை உல்லாசப் பயணம் கூட்டிப்போனபோது எடுத்த கூட்டப் படம் அது. வரிசை வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். ஓரத்தில், யாரோ ஒருவரின் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னப் பிள்ளை. படம் எடுக்கும் நேரத்தில் தலையைத் திருப்பியிருந்தாள். விரல் நகத்தளவு முகம். அதுவும் புகைபோல் கலங்கியிருந்தது.

"எம் பொண்ணு" என்றாள். "காய்ச்சல்ல போயிட்டா. வேற படம் இருந்துச்சு, எல்லாம் பழைய போன்ல. அது கெட்டுப்போனப்ப எல்லாமே போயிடுச்சு. இது ஒண்ணுதான்."

லிஃப்ட்டுக்காரர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இதுல முகமே இல்ல. நான் கொடுத்தா மெஷின் அதுவா ஒரு முகத்தைப் போட்டுடும். அது உங்க பிள்ளையா இருக்காது."

"போடட்டும் அண்ணே. நான் சொல்லிச் சொல்லி மாத்திக்கலாம்ல? எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கே."

அவர் மறுத்திருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோல் பட்டது. அதோடு, அவரை நம்பி ஒரு காரியத்தைக் கேட்டு ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவள் வந்து உட்கார்ந்தாள். நெற்றி இன்னும் அகலம் என்பாள். புருவம் இவ்வளவு அடர்த்தி இல்லை என்பாள். மூக்கு நுனி சப்பை, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்பாள். சொல்லும்போதே அவள் விரல் காற்றில் அந்தக் கன்னத்தைத் தொட்டுக் காட்டும். அவர் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்வார். திரையில் ஒரு குழந்தை வரும். "இல்ல அண்ணே, இவ இல்ல" என்பாள். இன்னொரு குழந்தை வரும். இப்படி எத்தனையோ பிள்ளைகள் வந்து வந்து போனார்கள்.

முதலில் அவள் சட்டென்று இல்லை என்றாள். போகப் போக யோசித்துவிட்டு இல்லை என்றாள். கடைசியில் ஒரு படத்தைப் பார்த்து, "இப்படித்தான் இருந்தாளோ என்னவோ" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த 'என்னவோ' லிஃப்ட்டுக்காரரின் காதில் நன்றாகவே விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் கன்னக்குழியை மட்டும் கொஞ்சம் ஆழமாக்கி மறுபடி காட்டினார்.

அவள் திரையில் கையை வைத்தாள். "இவதான்" என்றாள். பிறகு அழுதாள். சமையலறையிலிருந்து வந்த மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு லிஃப்ட்டுக்காரர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் அவளை வழியனுப்பினார். விழுந்த நாளிலிருந்து அவர் வாசல் பக்கமே போகாதவர்.

அவளிடம் கேட்டுவிட்டு, புகையாக இருந்த முகத்தையும் இந்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டார். அது காட்டுத்தீயாகப் பரவியது. மைத்துனன், "மாமா, நீங்க எங்கயோ போயிட்டீங்க" என்றான். படங்கள் வந்து குவிந்தன. மங்கிப்போனவை, எரிந்தவை, முகமே இல்லாதவை. வேறு படம் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. கேட்க எங்கே நேரம்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வேன் மறுபடி வாசலில் வந்து நின்றது. வேன்கார அம்மா உள்ளே வந்தாள். இந்தமுறை உட்காரவில்லை. அவர் செய்துகொடுத்த படத்தைச் சட்டம் போட்டிருந்தாள், அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டிலின் கால்மாட்டில் குப்புற வைத்தாள்.

"அவரு கப்பல்ல இருந்து லீவுல வந்திருக்காரு" என்றாள். "சுவத்துல பாத்துட்டு, யாரு இந்தப் பிள்ளைன்னு கேட்டாரு."

லிஃப்ட்டுக்காரர் லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தார்.

"நம்ம பிள்ளைதான்னு சொன்னேன். இல்லவே இல்லைங்கிறாரு. நான் சண்டை போட்டேன். நீங்க வருஷத்துல பாதி நாளு கடல்ல இருந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். அவரு எந்திரிச்சு மாடிக்குப் போயி உக்காந்துட்டாரு." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "அப்புறம் நான் கண்ணை மூடிப் பாத்தேன் அண்ணே. முன்னெல்லாம் மூடினா வந்துடுவா. குளிச்சிட்டு ஈரத் தலையோட ஓடி வருவா. இப்பவும் ஓடி வர்றா. ஆனா இந்த முகத்தோட வர்றா."

"ம்மா, அவரையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து சொன்னா..."

"வேணாம்."

"இல்ல, இன்னொரு தடவை..."

"வேணாம் அண்ணே. பழைய படத்தை எடுத்துப் பாக்குறேன். அந்தப் புகைக்குள்ளயும் இப்ப இதுதான் தெரியுது. எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

வெளியே வேனின் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "கடைசி நாள் நான் இவதான்னு சொன்னேன்ல. அப்ப உங்களுக்குத் தெரியும்ல? நான் களைச்சுப்போயித்தான் சொன்னேன்னு."

லிஃப்ட்டுக்காரர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதலிலேயே எச்சரித்தேனே என்றும் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட.

"தெரியும்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவர் பின்னாளில் மனைவியிடம் சொன்னார். பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் தன் இணையப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை அழித்தார். லேப்டாப்பில் இருந்ததையும் அழித்தார். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். 'அற்புதம்' என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எடுத்துவிடும்படி செய்தி அனுப்பினார். சிலர் எடுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை.

முகம் தெரியாத படங்களை அவர் அதன் பிறகு தொடவில்லை. வந்தவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவர்கள் வேறு ஆளிடம் போனார்கள். கொஞ்ச காலத்தில், கறையையும் கிழிசலையும் விரலால் ஒருமுறை தட்டினாலே செல்போன் சரிசெய்யத் தொடங்கியது, அதோடு மிச்சமிருந்தவர்களும் நின்றுபோனார்கள். மனைவி ஒன்றும் கேட்காமல் மறுபடி இரட்டை ஷிப்ட்டுக்குப் போனாள்.

ஒருநாள் காலையில் தலைவாரிக்கொண்டே அவள் கேட்டாள். "அந்தம்மா வீட்டுக்கு ஒருநடை போயிட்டு வரலாமா? எனக்கு மனசே சரியில்ல."

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சியத்தான்."

மைத்துனன் ஆட்டோ பிடித்துவந்தான். வேன்கார அம்மா கதவைத் திறந்து, அவரது ஊன்றுகோலைப் பார்த்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கணவன் மறுபடி கப்பலுக்குப் போயிருந்தான். வேனின் கிளட்ச் பாடாய்ப் படுத்துவதைப் பற்றிப் பேசினார்கள். சலவைக்கூடத்தில் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசரைப் பற்றி மனைவி ஏதோ சொன்னாள், மூவரும் லேசாகச் சிரித்தார்கள். பிள்ளையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது அவள் அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். கம்பியைப் பிடித்தபடி நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எப்பவாச்சும் வர்றா அண்ணே. பழைய முகத்தோட. வேன் ஓட்டுறப்ப, பின்னாடி பிள்ளைங்க கத்திக்கிட்டு இருக்கும்ல, அப்ப கண்ணாடியில ஓரமா. திரும்பி உத்துப் பாத்தா போயிடுறா. அதனால இப்ப உத்துப் பாக்குறதில்ல."

லிஃப்ட்டுக்காரர் அவள் கையின்மேல் தன் கையை வைத்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து, போகலாமா என்று கேட்டார். மனைவிதான் போகலாம் என்றாள்.