ஜெனிக்கு என்ன வாங்குவது?

புது ரப்பர் பொம்மையின் தலையை மூக்கருகே வைத்து முகர்ந்தால் பவுடரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகை, வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தை இரண்டே நாளில் கறுப்பாக்கிவிடும் எங்கள் தெருவில், எனக்கு எட்டு வயதானபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் முழுக்க நான் அந்த வாசனையை முகர்ந்துகொண்டு கிடந்தேன்.

கொண்டுவந்தவள் எஸ்தர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அம்பத்தூரில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த பிரியத்தையெல்லாம் ஒரு "கட்டப்பை"யில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்துவிடுவாள். எனக்குப் பொம்மை, தம்பி சாமுவுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புக் கார். அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். பையைப் பார்த்ததுமே நைனாவின் முகம் சுருங்கியது. அந்த வருஷம் அவர் வேலை செய்த ரோலிங் மில்லில் பாதிப் பேரை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வரிசையில் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் புதுத்துணிகூட எடுக்கவில்லை.

எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணிக்காய், சேவல், வீட்டில் சுட்ட கேக் எல்லாவற்றையும் வாசலில் "ஏலம்" விடுவார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ் காலை நைனா எங்கள் கையில் பொம்மையையும் காரையும் கொடுத்து, காணிக்கை மேஜையில் வைத்துவிட்டு வரச் சொன்னார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து சாமு ஓடிப்போய் வைத்தான். சேவலுக்கு அடுத்ததாகக் காரைத் தூக்கிக் காட்டினார்கள். லாரி வைத்திருந்த ஒருவர் தம் மகனுக்காக அதை எடுத்துக்கொண்டு போனபிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. மண்ணில் விழுந்து புரண்டான். என் பொம்மை யாரிடம் போனது என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாலு ஊட்டுப் புள்ளைங்க பாத்துக்கினு நிக்க சொல்லோ, நம்ம புள்ளைங்க மட்டும் வெளாண்டா நல்லாவா இருக்கும்?" என்றார் நைனா. சின்னம்மா சாமுவைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அடுத்த வருஷத்திலிருந்து சின்னம்மா துண்டும் டிபன் பாக்ஸும் கொண்டுவந்தாள், பிறகு வருவதையே குறைத்துக்கொண்டாள்.

அந்த சாமு இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே வேலை பார்க்கிறான். ஒன்பது வயதில் ஜெனி என்று ஒரே மகள். ஒவ்வொரு டிசம்பரும் அவளுக்கு என்ன வாங்கட்டும் என்று போனில் கேட்பேன். "பொம்ம கிம்மலாம் வாங்கியாந்து பேஜாரு பண்ணாதக்கா. ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ் போதும். ஆசய பழக்கிட்டா அப்பால யாரு சமாளிக்கிறது?" என்பான். அவன் மனைவியும் அதே பாட்டுத்தான். ஒரு தடவை பொறுக்க முடியாமல் அந்தச் சிவப்புக் காரைப் பற்றிக் கேட்டேவிட்டேன். அவனுக்கு நினைவே இல்லையாம்.

இந்த டிசம்பரில் பிடிவாதமாக ஜெனியைப் பஜாருக்கு அழைத்துப்போனேன். ஒரே ஒரு தடவையாவது அவள் ஒரு பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தேன். கடைச் சுவர் முழுக்கப் பொம்மைகள். "இன்னா வேணுமோ எடு கண்ணு" என்றேன். அவள் நேராகப் போய் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, "இது ஒழுகாது அத்த, ஸ்கூலுக்கு ஆவும்" என்றாள். நானே ஒரு பொம்மையை எடுத்து அவள் கையில் திணித்தேன். யார் வீட்டுக் குழந்தையையோ வாங்கி வைத்திருப்பதுபோல அதைக் கொஞ்ச நேரம் பத்திரமாகப் பிடித்திருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு ஆசயா இருந்தா வாங்கு அத்த. அப்பா கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்பாவுக்குப் பயந்து ஆசையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்களிடம் பறிக்கவாவது ஆசை என்று ஒன்று இருந்தது. பொம்மையை அவள் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பாட்டிலுக்கு பில் போடச் சொன்னேன். கடைக்காரர் கிறிஸ்துமஸ் தாள் சுற்றித் தரவா என்று கேட்டதற்கு, தாள் வீண்தானே என்று ஜெனியே பதில் சொல்லிவிட்டாள்.